70 கிலோ உடம்புக்கு ஒலிம்பிக்கில் இனி இடமில்லையா? ரோயிங்கில் நடப்பது என்ன?

உங்க ஜிம்முல ஒரு ரோயிங் மெஷின் சும்மா கிடக்குதா? ஒருநாள் உட்கார்ந்து முழு வேகத்துல இழுத்துப் பாருங்க. இரண்டே நிமிஷத்தில் தொடை, முதுகு, நெஞ்சு எல்லாம் சேர்ந்து 'போதும்டா சாமி' என்று கெஞ்சும். இதையே தண்ணீரில் 2,000 மீட்டருக்குச் செய்வதுதான் ஒலிம்பிக் ரோயிங். படகைப் பொறுத்து ஐந்தரை முதல் ஏழரை நிமிடம் வரை ஆகும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டே கொஞ்சம் மாறப்போகிறது. எடை குறைந்தவர்களுக்கான 'லைட்வெயிட்' பிரிவு இருக்காது. லாங் பீச் மைதானத்தில் இடம் போதாததால், தூரம் 1,500 மீட்டராகக் குறைகிறது. கூடவே, கடற்கரையில் ஓடிப் படகேறும் 'பீச் ஸ்பிரின்ட்' புதிதாக வருகிறது.

'இதுல நமக்கென்ன?' என்கிறீர்களா? இருக்கு பாஸ்!

உயரமானவங்களுக்கு ஏன் லாபம்?

மாரத்தான் ஓடுபவர் தன் எடையைத் தானேதான் சுமக்க வேண்டும். ரோயிங்கில் எடையைப் படகும் தண்ணீரும் தாங்கிக்கொள்கின்றன. எடை கூடினால் படகு கொஞ்சம் ஆழமாக அமிழும், அவ்வளவுதான். ஆனால், பெரிய உடம்பில் நுரையீரலும் தசையும் பெரிது. கை கால் நீளம் என்பதால் ஒவ்வொரு இழுப்பும் நீளம். அதனால்தான் ரோயிங் உடலியல் சொல்லித்தரும் பேராசிரியர்கள், 'ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆக்சிஜன்' என்பதைவிட 'மொத்தமாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்' என்பதை முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் லைட்வெயிட் பிரிவு வந்தது. ஆண்கள் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது, படகின் சராசரி 70 கிலோ. பெண்களுக்கு 59 கிலோ, சராசரி 57. சராசரி உயரம் குறைவான நாடுகளும் உள்ளே வரட்டும் என்பதுதான் எண்ணம்.

நல்லதும் இருந்தது, வலியும் இருந்தது

போட்டிக்கு இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை எடை பார்ப்பார்கள். இயல்பாகவே 70 கிலோ உள்ளவர்களுக்குப் பிரச்னை இல்லை. 75 கிலோ உள்ளவர் என்ன செய்வார்? சாப்பாட்டைக் குறைப்பார், தண்ணீரைக் குறைப்பார், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடுவார். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும், இதயத்துக்கு வேலை கூடும். அந்த நிலையில் அவர் ஆறு நிமிடம் உயிரைக் கொடுத்துத் துடுப்பு போட வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது, எலும்பு பலவீனமாவது போன்ற ஆபத்துகளும் உண்டு. ஆக, 'இந்தப் பிரிவு போனதே நல்லது' என்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

ஆனா, இன்னொரு பக்கத்தையும் பாருங்க. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட் - அரவிந்த் சிங் ஜோடி 11-வது இடம் பிடித்தது லைட்வெயிட் பிரிவில்தான். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர்கள் வெள்ளி வென்றதும் அதே பிரிவில்தான். பாரிஸ் 2024-தான் அதற்குக் கடைசி ஒலிம்பிக். இனி இப்படிப்பட்ட வீரர்கள், தங்களைவிட 20 கிலோ அதிகமுள்ளவர்களோடு நேருக்கு நேர் மோத வேண்டும். வாசலை மூடுவது சுலபம். அந்த வாசல் வழியாக வந்தவர்கள் எங்கே போவார்கள்?

கடற்கரையில் ஒரு புது வாசல்

பதிலின் ஒரு பகுதி பீச் ஸ்பிரின்டில் இருக்கலாம். மணலில் ஓடி, படகில் தாவி ஏறி, மிதவைகளை வளைந்து வளைந்து 250 மீட்டர் கடந்து, திரும்பி நேராகக் கரைக்கு வந்து, மறுபடி ஓடி மணியை அழுத்த வேண்டும். ஒருவரை ஒருவர் எதிர்க்கும் நாக்-அவுட் போட்டி. இங்கே நுரையீரல் மட்டும் போதாது. அலையைப் படிக்கத் தெரிய வேண்டும், சட்டென்று திரும்பத் தெரிய வேண்டும். உயரத்தின் சாதகம் இல்லாமல் போகாது, ஆனால் அது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்காது. ஆடவர், மகளிர், கலப்பு இரட்டையர் என மூன்று பதக்கப் போட்டிகள். அலையோடு விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் நீண்ட கடற்கரை நம்முடையது. அவர்களைத் தேடிப் போய்ப் பயிற்சி தரப்போவது யார் என்பதுதான் கேள்வி.

உடம்பு மாறல, இன்ஜின் மாறுச்சு

நார்வேயில் உள்ள ஆக்டர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் பேராசிரியர் ஸ்டீபன் சைலர், தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1970 முதல் 2001 வரையிலான நார்வே சர்வதேச வீரர்களின் பயிற்சிக் கணக்கு அது. 70-களிலிருந்து 90-களுக்குள் அவர்களின் அதிகபட்ச ஆக்சிஜன் திறன் நிமிடத்துக்கு 5.8 லிட்டரிலிருந்து 6.5 லிட்டராக ஏறியது. உடல் எடை? மாறவே இல்லை!

எப்படி? மெதுவான பயிற்சியை மாதம் 30 மணி நேரத்திலிருந்து 50 மணி நேரமாகக் கூட்டினார்கள். போட்டி வேகத்திலும் அதற்கு மேலும் செய்யும் பயிற்சியை 23-லிருந்து சுமார் 7 மணி நேரமாகக் குறைத்தார்கள். தினமும் உயிரை விட்டு இழுத்ததால் வந்த பலன் இல்லை இது. பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில், வருடக்கணக்கில், பொறுமையாகச் செய்ததால் வந்தது.

உயரத்தை எந்தக் கோச்சாலும் கூட்ட முடியாது. ஆனால், உள்ளே இருக்கும் இன்ஜினைப் பெரிதாக்கலாம். அதற்கு விவரம் தெரிந்த பயிற்சியாளரும், வருடக்கணக்கில் சோறு போடும் அமைப்பும் வேண்டும். லைட்வெயிட் பிரிவு இருந்தபோது அதைக் கட்ட நேரம் கிடைத்தது. இனி அந்த அவகாசம் இல்லை.

சரி, அந்த ஜிம் மெஷினுக்கு வருவோம். நாளைக்கு உட்கார்ந்தா, பக்கத்துல இருக்கிறவரோட பேச முடியுற வேகத்துல 20 நிமிஷம் இழுங்க. மூச்சு முட்டினா வேகத்தைக் குறைங்க. நார்வேக்காரங்க பதக்கத்துக்காகப் பெரும்பாலான நேரம் செஞ்சதும் அந்த மெதுவான வேலையைத்தான்!