மஹுவாப் பூவும் மாங்கொட்டைக் கூழும்

பருவத்தில் விளைவதைப் பருவத்திலேயே உண்ண வேண்டும் என்ற அறிவுரை இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். சமையல் நிகழ்ச்சிகள் சொல்கின்றன. நட்சத்திர விடுதிகள் உணவுப் பட்டியலின் முதல் பக்கத்தில் அச்சிடுகின்றன. அறிவுரையில் பிழையில்லை. பறித்த கீரை நாள்படக் கிடந்தால் அதிலுள்ள வைட்டமின் சியும் ஃபோலேட்டும் குறையும். மழை தொடங்கியதும் தானாக முளைக்கும் தகரை போன்ற கீரைகள் இரும்புச்சத்தும் கரோட்டினும் கொண்டவை. அரிசிச் சோற்றை மட்டும் உண்ணும் உடலுக்கு வேண்டியவையும் அவையே. ஆனால் இந்த அறிவுரை கடையில் நின்று தேர்ந்தெடுக்கும் ஒருவரையே மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. பருவத்தை நம்பி மட்டுமே உண்ணும் மக்கள் அதில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும், 'பழங்குடி ஞானம்' என்ற அலங்காரச் சொல்லாகவே இடம்பெறுகின்றனர்.

பஸ்தரிலும் தெற்கு ஒடிசாவிலும் மார்ச் மாதத்தில் மஹுவா மரங்கள் இலையுதிர்த்துப் பூக்கத் தொடங்குகின்றன. மஹுவா என்பது தமிழர் அறிந்த இலுப்பையின் இனமே. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அந்தப் பூவை ஏளனத்திற்கு உவமையாக்கிய மொழியில் இதைப் பேசுவதில் சற்றுக் கூச்சம் இருக்கத்தான் வேண்டும். பூக்கள் இரவில் மலர்ந்து விடியலில் உதிர்கின்றன. இருள் பிரியுமுன்னரே பெண்களும் சிறுவர்களும் கூடையுடன் மரத்தடிக்குச் செல்கின்றனர். தாமதித்தால் கால்நடைகளும் கரடிகளும் முந்திக்கொள்ளும். நன்கு உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரைதான். அதனை எண்ணெயின்றி வறுத்து எள்ளுடன் இடித்து உருண்டை பிடிப்பர். சால் மர விதையோடு சேர்த்து வேகவைத்தும் உண்பர். கோடையில் தெந்துப் பழமும் சாரைப் பருப்பும் கிடைக்கும். வெயிலில் உழைத்து வந்தவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஆறியபடி குடுவையில் காத்திருக்கும்; அங்கே அதன் பெயர் பேஜ். முதல் மழைக்குச் சால் மரங்களின் அடியில் மண்ணைக் கீறிக்கொண்டு போடா என்னும் உருண்டைக் காளான் வெளிப்படும். அதனைப் பலமுறை கழுவி மண் போக்கி வெங்காயம் பூண்டுடன் வதக்கினால் இறைச்சிக்கு ஈடான சுவை. அதன்பின் மூங்கில் குருத்து. பச்சைக் குருத்தில் சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் உண்டு. நறுக்கி, வேகவைத்து நீரை வடித்தோ புளிக்கவைத்தோதான் அதை உணவாக்க முடியும்.

இவ்விடத்தில்தான் நகரத்து அறிவுரை பாதியிலேயே நின்றுவிடுகிறது. புதிதாக உண்பது பருவ உணவின் ஒரு பகுதி. அடுத்த பருவத்திற்குக் கடத்துவது மறு பகுதி. காட்டு மக்களின் உணவறிவில் பெரும்பங்கு இரண்டாவதைச் சேர்ந்தது. உலர்த்திய பூ, புளிக்கவைத்த குருத்து, காயவைத்த மீன், கொட்டை நீக்கிய புளி ஆகியவை யாவும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட மாதங்களுக்காக உருவானவை. அப்போது பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதிய நெல் வயலில் பச்சையாக நிற்கும், கூலிவேலையும் குறைந்திருக்கும். பருவம் என்ற சொல்லுக்கு அங்கே இந்தப் பஞ்ச மாதங்களும் பொருளாகும். பருவ உணவைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகளில் அந்த மாதங்கள் காணப்படுவதில்லை.

கடத்தும் அந்த அறிவை அரசுகள் நெடுங்காலம் குற்றமாகப் பார்த்தன. 1892இல் பம்பாய் மாகாணம் மௌரா சட்டம் என்ற ஒன்றை இயற்றி, மஹுவாப் பூவைச் சேகரிப்பதையும் இருப்பு வைப்பதையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. சாராயம் காய்ச்சுவதைத் தடுப்பதும் மது வருவாயைக் காப்பதும் நோக்கம். பூ உணவு என்பது சட்டமியற்றியவர்களுக்குப் பொருட்டாகவில்லை. அந்தப் பார்வை ஆங்கிலேயருடன் கப்பலேறவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் பூவைச் சேகரிக்கவும் சேமிக்கவும் இருந்த கட்டுப்பாடுகள் நீங்குவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2021இல் மத்தியப் பிரதேச அரசு மஹுவா மதுவைப் 'பாரம்பரிய மது' என்று பெயர் சூட்டி விற்க முடிவெடுத்தது. குடிசையில் காய்ச்சினால் வழக்கு. கண்ணாடிக் குப்பியில் அடைத்தால் பாரம்பரியம்.

மரத்தடியில் குனிந்தவர்களுக்கு இதில் கிடைப்பது என்ன? உலர்ந்த பூவுக்கு மைய அரசு 2020இல் அறிவித்த ஆதரவு விலை கிலோவுக்கு 30 ரூபாய். கொள்முதல் நிலையம் எட்டாத ஊர்களில் வாரச்சந்தை வணிகர் சொல்வதே விலை. கடனை அடைக்க ஏப்ரலில் மலிவாக விற்ற பூவை, மழைக்காலத்தில் அதே வணிகரிடம் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கும் குடும்பங்கள் உண்டு. பருவ உணவைச் சேமிக்கும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. சேமித்து வைக்கும் வசதிதான் பறிபோயிருக்கிறது.

மாங்கொட்டையின் கதை இதனினும் கொடியது. கோடையில் தின்ற மாங்கனியின் பருப்பை எடுத்து உலர்த்தி, இடித்து, துவர்ப்பு நீங்க நீரில் ஊறவைத்துக் கழுவிக் கூழாக்குவது தென் ஒடிசாவின் பழைய வழக்கம். முறையாகச் செய்தால் அது உணவு. ஈரத்தில் வைத்த பருப்பில் பூஞ்சை படரும். பசி நெருக்கும்போது ஊறவைக்கும் பொறுமையும் குறையும். 2001இல் ராயகடா மாவட்டத்தின் காசிப்பூர் வட்டாரத்தில் மாங்கொட்டைக் கூழ் உண்ட பழங்குடியினர் பலர் இறந்தனர். அது பட்டினிச் சாவன்று, உணவு நஞ்சானதே காரணம், மாங்கொட்டை உண்பது அவர்கள் வழக்கம் என்று அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் தொடக்கத்தில், கந்தமால் மாவட்டத்தின் மண்டிபங்கா கிராமத்தில் அதே கூழை உண்ட பெண்கள் உயிரிழந்தனர். விளக்கமும் ஏறத்தாழ அதே விளக்கம். வழக்கம் என்ற சொல் அங்கே எத்தனை வசதியாகப் பயன்படுகிறது! நல்ல அரிசியும் பருப்பும் வீட்டில் இருந்த நாளில் அந்தப் பெண்கள் பழைய மாங்கொட்டையைத் தேடியிருப்பார்களா என்ற ஒற்றைக் கேள்வியை அந்த விளக்கம் தவிர்க்கிறது.

நகரத்தார் வாங்கினால்தானே காட்டு மக்களுக்கு வருமானம் என்பார் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. மயூர்பஞ்சின் செவ்வெறும்புத் துவையலுக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. போடாக் காளான் வரத்து தொடங்கும் நாட்களில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. ஆனால் அந்த விலையில் விற்கும் பெண் அதனைத் தன் குழந்தைக்குச் சமைப்பதில்லை. விற்ற பணத்தில் அரிசியும் எண்ணெயும் வாங்குகிறாள். புரதமும் தாதுக்களும் நகரத்திற்குச் செல்ல, வெறும் மாவுச்சத்து காட்டிற்குத் திரும்புகிறது. இதற்கு வாழ்வாதார மேம்பாடு என்று பெயரிடுவோர் குறைந்தபட்சம் அந்தக் குழந்தையின் தட்டையும் பார்த்துவிட்டு எழுதலாம்.

காட்டு விளைபொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் அவற்றின் மீது உடைமை கொள்ளவும் உரிமையளிக்கும் வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. அதன் பின்னரும், மஹுவாவும் சாரையும் தெந்துவும் கலந்து நின்ற நிலங்களில் காடு வளர்ப்பின் பெயரால் தேக்கும் தைலமரமும் வரிசையாக நடப்படுகின்றன. தேக்கின் அடியில் விடியலில் கூடையுடன் செல்ல எவருக்கும் காரணமில்லை. கிராம சபையின் இசைவின்றி அத்தகைய தோட்டம் ஒன்றும் எழக்கூடாது என்று கேட்காதவர்கள், பருவ உணவைப் பற்றிப் பேசும்போது எந்த மரத்தின் உணவைப் பற்றிப் பேசுகிறார்கள்?

அடுத்தது பங்கீட்டு அரிசி. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தினர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் அளிக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 கிராம். பருப்பும் எண்ணெயும் அச்சட்டத்தில் இல்லை. கந்தமால் சாவுகளின்போது, மூன்று மாத அரிசியை ஒரே தவணையில் வழங்கும் முறை குறித்தும் கேள்வி எழுந்தது. முன்கூட்டி வந்த மூட்டை பஞ்ச மாதங்களின் இறுதிவரை தாங்குவதில்லை. மழை மாதங்களில் அரிசியுடன் பருப்பும் உள்ளூர்க் கேழ்வரகும் மாதந்தோறும் ஊருக்குள் வந்து சேர்ந்தால், மாங்கொட்டை மீண்டும் விருப்பத்தின் உணவாகும். அது வராத மாதங்களில்தான் ராய்ப்பூர்ச் சந்தைக்குக் காளான் கூடை கூடையாக வந்து இறங்குகிறது.