சொட்டு மருந்துக்கு எல்லை எது?

கண்ணில் விடும் மருந்து ஒரு சொட்டுதான். அதை விடும் உரிமை யாருக்கு என்று கேட்டாலோ, கடலளவு வாதம் கிளம்புகிறது!

“வைத்தியம் எங்கள் காணியாட்சி” என்கின்றனர் டாக்டர்கள் சிலர். “படித்துத் தேறியிருக்கிறோம், எங்களுக்கு ஏன் கூடாது?” என்கின்றனர் ஆப்டோமெட்ரிஸ்டுகள் - பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதித் தருவோர். இரு சாராரும் பேசுகின்றனர். கண்ணுக்கு உரியவன் பேசவில்லை. அவன் சார்பில் நாம் பேசுவோம்.

மருந்து இருவகை. கண்மணியை விரியச் செய்து விழித்திரையைக் காட்டுவது ஒன்று. நோய் தீர்ப்பது மற்றொன்று. முன்னது நீரிழிவு செய்யும் நாசத்தை நன்கு காட்டும். ஆனால் கண்ணின் முன்கோணம் குறுகியவருக்கு அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடவும் கூடும். பின்னதில் ஸ்டீராய்டு இருக்கிறதே, அது பொல்லாத மருந்து! சிவந்த கண்ணை வெளுக்க வைக்கும். நெல் உமி பட்டுக் காளான் புண் கண்ட உழவனுக்கு விட்டாலோ, புண்ணை வளர்க்கும். மாதக்கணக்கில் விட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே பட்டுப்போகலாம்.

இவ்வழக்கை அமெரிக்கா படிப்படியாகத் தீர்த்தது. 1971-ல் ரோட் ஐலண்டு, சோதனை மருந்துக்கு அனுமதி தந்தது. 1976-ல் மேற்கு வர்ஜீனியா, சிகிச்சை மருந்துக்கும் தந்தது. கண் அழுத்த நோய்க்கு மருந்து தரும் உரிமை மாசசூசெட்ஸில் கிடைத்ததோ 2021-ல்! பிரிட்டனில் 2008 முதல், தனிப் பயிற்சி பெற்றுத் தேறியவர் மருந்துச் சீட்டு எழுதலாம்.

இங்கே? துணைநிலை மருத்துவப் பணியாளருக்கென 2021-ல் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஆப்டோமெட்ரிஸ்டும் அதில் அடக்கம். ஆனால் எந்தச் சொட்டு, யார் கையில், எந்த அளவில் என்ற பட்டியல் அச்சட்டத்தில் இல்லை. பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, வேலையின் எல்லையை எழுதாமல் விடுவது, வேலி இல்லாத வயலுக்குப் பட்டா தருவதல்லவா?

எனவே கேட்கிறோம்: பயிற்சி பெற்றோருக்குச் சோதனை மருந்தை அனுமதியுங்கள், எழுத்தில் அனுமதியுங்கள். சிகிச்சை மருந்துக்குத் தனிப் படிப்பும் தேர்வும் வையுங்கள். ஸ்டீராய்டை டாக்டரின் பொறுப்பிலேயே நிறுத்துங்கள். அதைச் சீட்டின்றி விற்கும் மருந்துக் கடையையும் அடக்குங்கள். முன்வாசலைப் பூட்டிப் புறவாசலைத் திறந்து வைப்பதா காவல்?

டாக்டரின் கௌரவமும் பெரிதன்று; ஆப்டோமெட்ரிஸ்டின் உரிமையும் பெரிதன்று. போன பார்வையை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. போகுமுன் எல்லை கோலுங்கள்!