'சிறு விவசாயி' என்னும் சொல்லுக்குள் மறைக்கப்படும் நிலமின்மை

இந்தியக் காப்பி வாரியத்தின் கணக்கில், பத்து ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர் வரை நிலம் வைத்திருக்கும் அனைவரும் சிறு விவசாயிகளே. நாட்டின் காப்பித் தோட்டங்களில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இந்த வகைக்குள் அடங்குகின்றன. ஒன்றரை ஏக்கரில் குடும்பத்தோடு உழைக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும், 24 ஏக்கரில் கூலியாட்களைக் கொண்டு பயிரிடுபவருக்கும் அரசு தந்திருப்பது ஒரே பெயர். ஆகவே, சிறு விவசாயிகளின் உற்பத்தித்திறன் குறைவு என்னும் வாதம் எழும்போதெல்லாம், எந்தச் சிறு விவசாயி என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

பண்ணையின் அளவு கூடக் கூட ஏக்கருக்கான விளைச்சல் குறைவதை 1962-இல் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். கூலிக்கணக்குப் பார்க்காத குடும்ப உழைப்பே இதற்குக் காரணம் என்றார். ஆனால் காப்பிக்கு உழைப்பு மட்டும் போதாது. செடி நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டும். ரோபஸ்டா பூப்பதற்குப் பிப்ரவரி, மார்ச்சில் மழை வேண்டும். அது பொய்த்தால், குளமும் மோட்டாரும் உடையவரே விளைச்சலைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். உலர்த்தும் களம் இல்லாதவர், பறித்த பழத்தை அன்றைய விலைக்கே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். குளம், களம், வங்கிக்கடன் ஆகிய மூன்றையும் அடைவதற்குப் பட்டா வேண்டும். பட்டா மறுக்கப்பட்டதன் விளைவுக்குத் 'திறமைக் குறைவு' என்று பெயரிடுவது அநீதியாகும்.

பட்டா யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பார்ப்போம். நில உச்சவரம்புச் சட்டங்கள் காப்பித் தோட்டங்களுக்கு விலக்களித்தன. பகிர்ந்தளிக்கப்பட்டிருக்க வேண்டிய நிலம் உடைமையாளர்களிடமே தங்கியது. 2016 டிசம்பரில் குடகின் திட்டள்ளியில், தோட்டங்களின் லைன் வீடுகளிலிருந்து வெளியேறி, குடியிருக்க இடம் கேட்டுப் பழங்குடிகள் போட்ட குடிசைகளை அரசு இடித்தது. அதே கர்நாடகத்தில் 2022-இல் நிலவருவாய்ச் சட்டம் திருத்தப்பட்டது. அரசு நிலத்தை ஆக்கிரமித்துத் தோட்டப்பயிர் வளர்த்தவர்களுக்கு 25 ஏக்கர் வரை 30 ஆண்டுக் குத்தகைக்கு வழங்க அது வழிசெய்தது. குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். தோட்டம் போட்டவர் குத்தகைதாரர். சாதி இந்நாட்டில் நிலத்தை எவ்வாறு பங்கிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தோட்டக் கூலிகளாக உழைப்போரில் தலித்துகளும் பழங்குடிகளுமே மிகுதி. அவர்களுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டால், தோட்டத்தின் செலவு குறைந்ததாகக் கணக்கு காட்டும். அதையே செயல்திறன் என்றும் அழைக்கும். உழைப்பவரின் வறுமையை உடைமையாளரின் திறமையாக மாற்றிக் காட்டும் இந்தக் கணக்கை நாம் ஏற்க இயலாது.

மாற்று வழி இல்லாமலில்லை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடிகள் சிறு நிலங்களில் விளைவிக்கும் அரபிக்கா, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கிரிஜன் கூட்டுறவுக் கழகம் நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. நிலமும் சந்தையும் துணைநின்றால், சிறிய நிலம் குறையாகாது என்பதை அரக்கு உணர்த்துகிறது.

இரண்டு ஏக்கருக்கும் குறைவான காப்பி விவசாயிகளைத் தனியாகவும், சாதிவாரியாகவும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். உழுபவருக்குப் பட்டாவும், ஊருக்கொரு பொதுக் களமும் வேண்டும். தோட்டக் கூலிகளுக்கு நிலம் வேண்டும். இவற்றைச் செய்த பிறகு, யாருக்குத் திறன் மிகுதி என்று அளந்து பார்க்கலாம்.