போராளிக்கு மனச்சோர்வு வராதா?

2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவையும், 2019 மே 22 அன்று மருத்துவர் பாயல் தாட்வியையும் இழந்தோம். இத்தகைய மரணங்களின்போது 'தனிப்பட்ட மனஉளைச்சல்' என்று சொல்லிச் சாதியை மறைக்கப் பார்க்கிறார்கள். மறுபக்கம், 'போராளிக்கு என்ன மனச்சோர்வு?' என்ற குரல் இயக்கங்களுக்குள்ளேயே கேட்கிறது. இரண்டையும் மறுக்கிறோம். காயத்துக்கு மருந்து போடுவது, கத்தியால் குத்தியவனை மன்னிப்பதாகாது.

இரண்டு வாரங்களாக மனம் கனத்தே கிடக்கிறதா? பிடித்த எதிலும் நாட்டமில்லையா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? படிப்பில் கவனம் நிற்கவில்லையா? 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுகிறதா? இவை மனச்சோர்வின் அறிகுறிகள். 'கோட்டாவில் வந்தவன்' என்று கேட்டுக் கேட்டே அந்தக் கடைசி எண்ணம் நமக்குள் ஏறுகிறது.

சாதிப் பாகுபாடற்ற சிகிச்சை நம் உரிமை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைச் சொல்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

தோழர் ஒருவர் கூட்டங்களுக்கு வராமல் போனால் 'ஓடிவிட்டார்' என்று முத்திரை குத்தாமல் அவர் அறைக்கதவைத் தட்டுவோம். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. மருத்துவரிடம் கூடவே போவோம். சாதிக் கொடுமைக்கு எதிரான புகாரையும் கூடவே நின்று கொடுப்போம்.