வெளியே உரிமை முழக்கம், வீட்டுக்குள்ளே வரப்பு!

2018 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, தென்மராட்சி வரணியில் ஒரு கண்ணகை அம்மன் ஆலயத்துத் தேர் வீதிவலம் வந்தது. வடம் பிடித்து இழுத்தவர்கள் அடியார்கள் அல்லர். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்று இழுத்தது! அடியார்கள் பின்னே கைகூப்பி நடந்தனர். ஒடுக்கப்பட்ட மக்களும் வடத்திலே கைவைத்து விடுவார்கள் என்ற அச்சமே அன்று இயந்திரத்தை அழைத்தது என்பது ஊரில் எழுந்த குற்றச்சாட்டு. அந்தப் படம் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் சென்று, தமிழர் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவர் கையிலும் இருந்த தொலைபேசியிலே தோன்றி, நம் மானத்தைக் கப்பலேற்றியது.

அந்தப் படத்தைக் கண்ட நாள் தொட்டு நமக்கு ஓயாமல் நினைவுக்கு வருவது போலந்து நாடு. வரணிக்கும் போலந்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். சொல்லுகிறோம்.

மொழி காத்த இனத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் நம்மவர் போலந்தைச் சுட்டுவது வழக்கம். 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளிலே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று பேரரசுகள் அந்நாட்டைப் பங்குபோட்டு விழுங்கின. நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் உலகப் படத்திலே அப்படி ஒரு நாடே இல்லை. ஆயினும் மக்கள் தம் மொழியைக் கைவிடவில்லை. வ்ஷெஷ்னியா என்ற சிற்றூரிலே 1901 இல், சமய பாடத்தை ஜெர்மன் மொழியிலே படிக்க மறுத்த பள்ளிச் சிறுவர்கள் ஆசிரியரிடம் பிரம்படி பட்டனர். வார்சாவிலே பெண்களும் ஆண்களும் வீட்டுக்கு வீடு மாறி மாறி இரகசியமாகக் கூடிப் படித்தனர். பின்னாளில் மேரி கியூரி என உலகு போற்றிய மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா அவ்வாறு படித்தவருள் ஒருவர். 1918 நவம்பரில் நாடு மீண்டது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட நமக்கு இக்கதை இனிப்பது இயல்பே.

ஆனால் இது பாதிக் கதை. மற்றப் பாதியை நம் மேடைகளிலே யாரும் சொல்லக் கேட்டோமில்லை.

பங்குபோடப்படுமுன் போலந்து யாருடைய நாடாக இருந்தது? அங்கே ‘ஷ்லாஹ்தா’ எனப்படும் பிரபுக்குலம் ஒன்று இருந்தது. அரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. சபையிலே பேசும் உரிமையும் அவர்களுடையது. ‘நாட்டு மக்கள்’ என்று அவர்கள் சொன்னபோது தம்மையே கருதினார்கள். நிலத்தை உழுத குடியானவன் அந்தக் கணக்கில் வரவில்லை. பண்ணையிலே கட்டாய வேலை செய்வதும், விடையின்றி ஊர் பெயராதிருப்பதும் அவன் விதி. இதற்குப் பிறப்புக் கதையும் புனைந்து வைத்திருந்தார்கள்: பிரபுக்கள் சர்மாத்தியர் என்னும் பழைய வீரகுலத்தின் வழித்தோன்றல்களாம், குடியானவனோ விவிலியத்திலே நோவாவின் சாபம் விழுந்த காம் என்பானின் வழிவந்தவனாம்! பிறப்பினாலே தாழ்த்துவதற்கு எந்த நாட்டவர்க்கும் ஒரு புராணம் அகப்பட்டு விடுகிறது போலும்.

1791 மே 3 ஆந் திகதி அவர்கள் இயற்றிய அரசியல் யாப்பு ஐரோப்பாவின் முதல் எழுதப்பட்ட யாப்பு என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. அதிலே குடியானவனுக்குக் கிடைத்தது ‘சட்டத்தின் பாதுகாப்பு’ என்ற சொல் மட்டுமே. மூன்றாண்டு கழித்து ரஷ்யப் படைக்கு எதிராக எழுந்த தளபதி கொஸ்சியூஷ்கோ ஒருவரே உண்மையை உணர்ந்தவர். ரட்ஸ்வாவிட்சே போர்க்களத்திலே அரிவாள் ஏந்திய குடியானவர் பீரங்கிகளைப் பாய்ந்து கைப்பற்றியதைக் கண்ட அவர், அவர்களது கட்டாய வேலையைக் குறைக்குமாறு 1794 மே மாதத்திலே பிரகடனம் செய்தார். பண்ணையார்களிற் பலர் அதைக் கேட்கவில்லை. நாடும் போயிற்று.

இனி 1846 ஆம் ஆண்டுக்கு வருவோம். நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததே அந்த ஆண்டின் பொருட்டுத்தான். ஆஸ்திரியா விழுங்கிய கலீசியாப் பகுதியிலே, பெப்ரவரி மாதம், பிரபுக்கள் நாட்டு விடுதலைக்காகக் கிளர்ச்சி செய்யத் துணிந்தார்கள். வீரம் இருந்தது, ஆயுதம் இருந்தது, தாய்நாட்டுப் பற்றும் பொய்யன்று. ‘வாருங்கள், நம் நாட்டை மீட்போம்’ என்று குடியானவரை அழைத்தார்கள். குடியானவர் வந்தார்கள். வந்தவர்கள் ஆஸ்திரியனை வெட்டவில்லை, அழைத்தவரையே வெட்டினார்கள்! தார்னூவ் வட்டாரத்திலே ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கான மாளிகைகள் சூறையாடப்பட்டன. ஆஸ்திரிய அதிகாரிகள் தூண்டிவிட்டார்கள் என்பது மெய்தான். ஆனால் ஈரமான விறகிலே தீப் பற்றுவதில்லை. ‘போலந்தியர்’ என்ற சொல்லையே அக்குடியானவர் தம் பண்ணையாரைக் குறிக்க வழங்கினார்கள். தம்மைப் பேரரசரின் மக்கள் என்று கூறிக்கொண்டார்கள். இரண்டாண்டு கழித்து, 1848 இல், அவர்களுடைய அடிமைத் தளையை வியன்னாவிலிருந்த பேரரசரே அறுத்தார். 1863 இலும் அப்படியே: கிளர்ச்சிக்காரர் நிலம் தருவோம் என்று அறிவித்தனர், மறு ஆண்டிலே ரஷ்யச் சக்கரவர்த்தி நிலத்தைக் கொடுத்தே விட்டான். சொந்த அண்ணன் கொடுக்க மறுத்ததை அயலான் கொடுத்தால், தம்பி யார் பக்கம் பார்ப்பான்?

இப்பொழுது யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். கலீசியாவிலே தளை அறுந்த 1848 க்கு நான்கு ஆண்டுகள் முன்னே, 1844 இல், இலங்கையிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அங்ஙனமாயின் இங்கே அடிமைகள் இருந்தார்களா என்று நம் இளைஞர் கேட்பர். இருந்தார்கள். 1707 இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையைத் திறந்து பாருங்கள். சீதனத்துக்கும் முதுசத்துக்கும் விதி சொல்லும் அதே ஏட்டிலே அடிமைகளுக்கும் விதி சொல்லப்பட்டிருக்கிறது. காணி வழக்குகளிலே இன்றும் நம் வழக்கறிஞர்கள் அந்தத் தேசவழமையை எடுத்து வாதிடுகிறார்கள். அடிமைப் பகுதியைச் சட்டம் கிழித்தெறிந்தது, நெஞ்சம் கிழித்தெறிந்ததா?

டொனமூர் ஆணைக்குழு வந்தபோது எல்லார்க்கும் வாக்குரிமை கூடாது என்று வாதிட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் கல்வித் தொண்டை நாம் மறக்கவில்லை, இதையும் மறக்கலாகாது. அதே காலத்திலே 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிகாட்டலிலே சமபந்தி போசனம் நடத்தியது. 1927 நவம்பரிலே காந்தியடிகளை அழைத்து வந்தது. பூரண சுயராச்சியம் இல்லையென்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. அந்த இளைஞர்கள் இரண்டு விடுதலையையும் ஒன்றாகக் கண்டார்கள். ஆனால் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற கட்டளை 1930 ஆம் ஆண்டை ஒட்டி வந்தபோது, பல பாடசாலைகள் இரவோடிரவாகத் தீக்கிரையாயின. கொளுத்தியவர் அயலார் அல்லர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாளை ஆண்டுதோறும் கண்ணீரோடு நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். எரிந்த அந்தத் திண்ணைப் பள்ளிகளுக்கு நினைவுநாள் உண்டா?

1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆலயத்துக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் செல்ல எவரையும் தடுத்தல் குற்றமாயிற்று. ஆயினும் தகரப் பேணியும் போத்தலும் கடைகளிலே தனியே தொங்கிக் கொண்டுதான் இருந்தன. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது, பொலிசார் அடித்தனர், ஊர்வலம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் மோதல்கள் மூண்டன, உயிர்களும் போயின. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே சத்தியாக்கிரகிகளை வழிமறித்து நின்றவர் யார்? ஒக்ஸ்போர்டிலே பயின்றவர், கணிதப் பேராசிரியர், மந்திரியாக வீற்றிருந்தவர், தனி ஈழம் வேண்டுமென்று முதன்முதல் குரல் எழுப்பியவர்களுள் ஒருவரான சி. சுந்தரலிங்கம்! தமிழனுக்குத் தனிநாடு வேண்டும்; தமிழன் ஒருவனுக்குத் தமிழ்க் கடவுளின் வாயில் வேண்டாம்! கலீசியப் பிரபுவை இதைவிடத் தெளிவாக நம் மண்ணிலே காண முடியுமா? அந்நாளில் பெரிய தமிழ்க் கட்சிகளோ, தீர்மானங்களிலே காட்டிய உறுதியைக் கோயில் வாயிலிலே காட்டத் தயங்கின.

1976 மே மாதம் வட்டுக்கோட்டையிலே நிறைவேறிய தீர்மானம், அமையப்போகும் நாட்டில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை தண்டிக்கப்படும் என்று எழுத்திலே உறுதி கூறியது. ஆனால் நாடு அமையும்வரை காத்திருக்க வேண்டிய காரியமா இது? அன்று மாலையே அவரவர் கிணற்றடியிலே தொடங்கியிருக்கலாம். பின்பு வந்த ஆயுத காலத்திலே சாதிப்பேச்சு அடங்கியது. அடங்கியதேயன்றி அழியவில்லை என்பதற்கு வரணித் தேரே சான்று.

கிணற்றைச் சொன்னோம். குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கல்லுக்குள்ளேயே ஊரெங்கும் பரவி நிற்கிறது. ஒருவன் கிணற்றிலே துலா மிதித்தால் பக்கத்துக் காணியின் நீர் இறங்கும் என்பதைக் கமக்காரர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சுன்னாகப் பகுதியிலே நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தபோது அது யாருடைய கிணறு என்று விசாரித்துக் கலக்கவில்லை. கல்லுக்குக் கீழே ஒரே நீரை வைத்துக்கொண்டு, கல்லுக்கு மேலே வாளியைப் பிரித்தவர்கள் நாம்.

போலந்து பிறகேனும் கற்றதா? ஓரளவு கற்றது. அவர்கள் மொழியிலே ‘பான்’ என்றொரு சொல் உண்டு. (நம் வெதுப்பகத்திலே விற்கும் பாண் அன்று!) பிரபு, எசமான் என்பது அதன் பழம்பொருள், பிரபுக்குலத்தாரை மட்டுமே அப்படி அழைப்பார்கள். இன்றோ பேருந்துச் சாரதியும் பான், பேராசிரியரும் பான், தெருக் கூட்டுபவரும் பான், பெண்களாயின் ‘பானி’. எசமானுக்குரிய மரியாதையைக் குறைத்து அவர்கள் சமத்துவம் காணவில்லை. எல்லாரையும் அந்த மரியாதைக்கு உயர்த்தினார்கள். நம்மிடம் ‘நயினார்’ என்ற சொல் இருந்தது, ‘நாச்சியார்’ இருந்தது. எழுபது வயதுக் கிழவர் பத்து வயதுப் பையனை நயினார் என்று அழைக்க, அந்தப் பையன் கிழவரை ‘நீ’ என்றும் ‘டா’ என்றும் விளித்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். நயினார் என்ற சொல் மறைந்தது, நல்லதே. ஆனால் அந்த ‘டா’ மறைந்ததா? வேலிக்கு வெளியே கூலிக்கு நிற்கும் முதியவரை நம் வீட்டுப் பிள்ளைகள் எப்படி விளிக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அங்கே நத்தார் முதல்நாள் இரவு விருந்திலே, எதிர்பாராது வரும் அந்நியருக்கென்று ஓர் இருக்கையும் ஒரு தட்டும் வெறுமையாக வைப்பது வழக்கம். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த குறளைக் கையில் வைத்திருக்கும் நாம் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. அந்த இருக்கைக்கு வருபவரின் ஊரும் பகுதியும் விசாரிக்கப்படுவதில்லை என்பதையே கவனிக்கவேண்டும்.

அரசியலிலும் ஒன்று கற்றார்கள். 1968 இல் மாணவர் கிளர்ந்தபோது தொழிலாளர் பெரும்பாலும் ஒதுங்கி நின்றனர். 1970 இல் கப்பற்றளத் தொழிலாளர் சுடப்பட்டபோது மாணவர் ஒதுங்கினர். இரண்டும் தோற்றன. 1976 இல் தண்டிக்கப்பட்ட தொழிலாளருக்காகப் படித்தவர்கள் ஒரு குழு அமைத்து வழக்கும் பேசினார்கள், குடும்பங்களுக்குப் பணமும் திரட்டினார்கள். அதன் பின்னரே 1980 ஓகஸ்டில் கிடான்ஸ்க் நகரிலே லேக் வலேசா என்ற மின்தொழிலாளி தலைமையில் ‘சொலிடாரிட்டி’ எழுந்தது. ஏறக்குறைய ஒரு கோடி பேர் சேர்ந்தனர். போலந்தைத் தேவலோகமாக நாம் வருணிக்க வரவில்லை. அதே 1968 இல் யூதர்களை வெளியேறச் செய்த நாடும் அதுதான். 1990 ஒக்டோபரிலே முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டதைக் கண்டும் வாளாவிருந்த நமக்கு, அதைச் சுட்டும் விரல் சற்று நடுங்கத்தான் வேண்டும். ஆயினும் தம் குடியானவர் பட்ட பாட்டை அந்நாட்டு அறிஞர்கள் இன்று வெளிப்படையாக எழுதுகிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே வெளிவந்த அத்தகைய நூல்கள் அங்கே பெரும் விவாதத்தை எழுப்பின. நம்மிடையே அந்தப் பணியைக் கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலிலே செய்தார். அவரை எத்தனை பாடசாலைகளிலே படிப்பிக்கிறோம்?

வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று பட்டம் பெற்ற பெருமக்களைக் கேட்கிறோம்: உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் மணமகன் தேவை விளம்பரத்திலே முதல் வரி என்ன? கமக்காரரைக் கேட்கிறோம்: உங்கள் ஊர்க் கோயிலின் பரிபாலன சபையிலே, உபயகாரர் பட்டியலிலே, உங்கள் தோட்டத்திலே வெங்காயம் நடுகின்றவரின் பெயர் உண்டா?

காணியைப் பற்றியும் ஒரு சொல். வலிகாமம் வடக்கிலே 1990 முதல் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை விடுவிக்கும்படி கேட்டோம். சில பகுதிகள் விடுவிக்கப்பட்டன. எஞ்சியவற்றையும் கேட்கிறோம், விடாமற் கேட்போம். ஆனால் நலன்புரி முகாம்களிலே இறுதிவரை தங்கிக் கிடந்தவர்களுள் விடுவிப்பதற்குக் காணியே இல்லாதவர் மிகப் பலர். பரம்பரை பரம்பரையாகப் பிறர் காணியிலே குடிலடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களிற் பெரும்பாலார் யாரென்று நம் ஊரவர்க்குத் தெரியும். அவர்கள் கையிலே உறுதி இல்லை. தோம்பிலே பெயர் இல்லை. பலாலி வீதியிலே காணி கேட்டுப் பதாகை பிடித்தபோது அவர்களும் நம்மோடு வெயிலில் நின்றார்கள். ஆளில்லாத வளவுகளைப் பூட்டிவிட்டு வெளிநாட்டிலே வாழும் நம் உறவினர்களும், தரிசு நிலம் வைத்திருக்கும் நம் ஆலயங்களும், அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பரப்பு எழுதிக்கொடுக்க எந்தக் கொழும்பு அரசாங்கத்தின் அனுமதியும் தேவையில்லை.