ஹாலில் திருவிழா, அடுப்படியில் அமாவாசை!

சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, ஹாலில் எந்தக் கலரில் சீலிங் விளக்கு போட்டால் வீடு களையாக இருக்கும் என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார், குறை சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில். 2023-ல் வீட்டை மராமத்து பார்த்தோம். என்னவர் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, 12 வாட் விளக்கு பன்னிரண்டு பதித்தார். சுற்றிலும் நீலமாக எரிகிற ஸ்ட்ரிப் விளக்கு வேறு. வந்தவர்கள் எல்லாம், "கல்யாண மண்டபம் கணக்கா இருக்கே" என்று சொல்லச் சொல்ல அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்படிக்கு என்ன தெரியுமா? ஹாலில் இருந்து கழற்றிய பழைய டியூப்லைட்! அதையும், நான் அடுப்பைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் வருகிற சுவரில் மாட்டியாயிற்று.

விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் என்ன ஆகும்? நம் நிழல்தான் மேடை முழுக்க விழும். கத்தரிக்காயில் புழு இருக்கிறதா, கீரையில் பூச்சி இருக்கிறதா, எதுவும் தெரியாது. நாலு மாதத்தில் மூன்று முறை அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்டேன். "மேடைக்கு நேரா ஒரே ஒரு பாயிண்ட் எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்டால், "சமைக்கிறதுக்கு இந்த வெளிச்சம் போதாதா? வீட்டிலேயே நாள் பூரா எரியற லைட்டு அதுதான், கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்று பதில் வந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

என் சிறு வயதில் கிராமத்து வீட்டில் கரண்டே கிடையாது. சிம்னி விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது பெண்பிள்ளைகளின் சாயங்கால வேலை. அந்த வீட்டில் அடுப்புக்கு முன்னால் இருக்கிற சுவரில், அம்மாவின் முகத்துக்கு நேராக ஒரு மாடக்குழி இருக்கும். விளக்கை அதில் வைத்தால் சட்டிக்குள் வெளிச்சம் விழும், நிழல் முதுகுப் பக்கம் போய்விடும். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்தது, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்ட எங்கள் இன்ஜினியருக்குத் தெரியவில்லை பாருங்கள்!

இதெல்லாம் சின்ன விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். பெரிய விஷயம் 2024 ஆனி மாதம் நடந்தது. என் மாமியாருக்கு அப்போது 78 வயது. ராத்திரியில் மூன்று நாலு முறை பாத்ரூம் போவார். அவர் படுக்கிற அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு நடை, அதன் முடிவில் அரையடி இறங்குகிற ஒரு படி. நடை விளக்கின் சுவிட்சோ ஹால் பக்கம் இருக்கிறது. இருட்டில் தடவிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்ப வரவேண்டும். நான் சில நாள் அதை எரிய விட்டு வைப்பேன். "ஏம்மா, ராத்திரி பூரா வீணா எரியணுமா? அமத்திரு" என்று அத்தையே சொல்வார். சிக்கனமாக வாழ்ந்து பழகியவர். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு 'தொப்'பென்று சத்தம். ஓடிப் பார்த்தால் படிக்குக் கீழே கிடக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன், பிளேட், மூன்று மாதம் படுக்கை. செலவு ஒன்றே முக்கால் லட்சம். குளிப்பாட்டி, துடைத்து, பெட்பேன் வைத்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, மருந்து பில்லின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இப்போது கடையில் அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு கிடைக்கிறது. தினமும் பத்து மணி நேரம், அறுபது நாள் எரிந்தாலும் 300 வாட்-மணி. அரை யூனிட் கூட இல்லை! (பழைய 'சீரோ வாட்' பல்பை நம்பாதீர்கள். பெயர்தான் சீரோ, தின்பது பத்து, பதினைந்து வாட்.) அடுத்து அடுப்படி. பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 50 வாட். ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். ஹாலில் பன்னிரண்டு விளக்கும் சேர்ந்து 144 வாட். டி.வி. பார்க்கிற ஐந்து மணி நேரம் மட்டும் என்று வைத்தாலே 43 யூனிட், ஸ்ட்ரிப் தனி. 'நாள் பூரா எரியற லைட்டு' யாருடையது?

கணக்கை அவரிடம் நீட்டினேன். படித்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார்.

செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மேடைக்கு மேலே இருக்கிற ஷெல்ஃபின் அடியில், முன் ஓரமாக, ஓரடி நீளமுள்ள 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு. அடுப்பு ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் நேராக அடிக்காத மாதிரி, அடுப்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் போடச் சொன்னேன். நிழல் போயே போச்சு. பழைய டியூபைக் கழற்றி 20 வாட் எல்.இ.டி. மாட்டினோம், அதைத் தேவைப்பட்டால் மட்டும் போடுகிறேன். மேடை விளக்கு இரண்டும் ஆறு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட்டைத் தொடவில்லை. (கழற்றிய டியூபில் பாதரசம் இருக்கிறது. கொல்லையில் போட்டுப் பிள்ளைகள் உடைக்க விடாதீர்கள்.)

நடையில் முழங்காலுக்குக் கீழே, படிக்குப் பக்கத்தில் அரை வாட் விளக்கு. உயரத்தில் போட வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். வயதானால் கண்மணி சுருங்கி, உள்ளே இருக்கிற லென்ஸ் மஞ்சளித்துவிடுவதால், அறுபது வயதில் இருபது வயதுக் கண்ணுக்குப் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே போகும். ஆனால் பளிச்சென்று முகத்தில் அடித்தாலோ கூசி, ஒன்றுமே தெரியாது. தூக்கத்தில் எழுந்து வருகிறவர்களுக்குக் காலடியில் மங்கலான மஞ்சள் வெளிச்சம் போதும். படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட்டும் அடித்துவிட்டேன்.

விளக்கு வாங்கும்போது நம்மில் பலர் வாட்டை மட்டும் பார்க்கிறோம். எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதுதான் வாட். எவ்வளவு வெளிச்சம் தரும் என்பது லூமென். அது அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தந்தது. இன்றைக்கு 9 வாட் எல்.இ.டி. அதைத் தாண்டுகிறது. இன்னொரு எண்ணும் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் இதமாக இருக்கிறது. அடுப்படிக்கு நான் 4000 வாங்கினேன். சி.ஆர்.ஐ. என்று ஒன்று போட்டிருந்தால் 80-க்குக் குறையாமல் இருக்கட்டும், 90 என்றால் இன்னும் நல்லது. நிறத்தை நிறமாகக் காட்டுகிற அளவு அது. ஜவுளிக்கடையில் அரக்கு என்று எடுத்த புடவை வீட்டில் வந்து காப்பிப்பொடியாக நிற்கிறதே, அந்தச் சமாசாரம்தான். புடவையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற நாம், வாடின கீரையையும் வெந்தும் வேகாத கறியையும் எந்த விளக்கில் பார்க்கிறோம் என்று யோசித்ததே இல்லை.

வாடகை வீட்டில் இருக்கிற சகோதரிகள், "ஓனர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார், பாயிண்ட்டுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். பிளக்கில் நேராகச் செருகுகிற இரவு விளக்கும், ஷெல்ஃபுக்கு அடியில் ஒட்டுகிற சார்ஜ் விளக்கும் வந்திருக்கின்றன. சுவரைத் தொடவே வேண்டாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வயரிங் போடுகிற நாளில் நேரில் போய் நில்லுங்கள். மேடை எங்கே, தையல் மெஷின் எங்கே, பெரியவர்கள் ராத்திரி எந்தப் பக்கம் நடப்பார்கள் என்பதெல்லாம் எலெக்ட்ரீஷியனுக்கு எப்படித் தெரியும்? நடைக்கு இரண்டு கோடியிலும் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். கையோடு செய்தால் கொஞ்சம் வயர் செலவு, பிறகு செய்தால் சுவரை உடைக்கவேண்டும்.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து நடமாடுகிறார். ராத்திரி தனியாகவே போய் வருகிறார். என்னவர் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அடுப்படி மேடைக்கு வந்துவிடுகிறார், ஹாலை விட இங்கேதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறதாம். நீல ஸ்ட்ரிப்பை யாரும் போடுவதில்லை. அத்தை மட்டும் விடிந்ததும் முதல் வேலையாக, அந்த அரை வாட் விளக்கை மறக்காமல் அமத்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறார்!

— ஒரு வாசகி, மதுரை.