பீரோவில் தூங்கும் பிஸ்டல்

பதிவு கொஞ்சம் நீளம். துப்பாக்கி என்றதும் தள்ளிப் போய்விட வேண்டாம். கம்பம், போடி, சின்னமனூர் பக்கம் உரிமத்துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகவும் உங்கள் வீட்டுப் பெண்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

நான் இயற்பியல் வாத்தியார். கூடவே என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்தவன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் .22 ரைஃபிளில் சுடவைத்த அனுபவம் உண்டு. அதனால் ஊரில் யாருக்காவது துப்பாக்கி விஷயத்தில் சந்தேகம் வந்தால் "சாரைக் கேளு" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் அந்தத் தம்பியும் வந்தார். என் பழைய மாணவர். இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. மலைக்கு மேலே இடுக்கி பக்கம் ஏலத்தோட்டம். சனிக்கிழமை கூலி கொடுக்கப் பணம் எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏற வேண்டும் என்று சொல்லி 2013-இல் உரிமம் வாங்கினார். கேரளாவுக்கும் செல்லும்படி சேர்த்தே வாங்கியிருக்கிறார். கைக்கு அடக்கமான .32 பிஸ்டல், இரண்டு மேகசின், 25 தோட்டா. அந்த 25 தோட்டாவும் அப்படியே இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சுடவில்லை.

"சுட்டுப் பார்க்காம எப்படிப்பா வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"சார், எடுத்துக் காட்டினாலே ஓடிருவானுங்க."

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

2024 தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. அறிவிப்பு வந்ததுமே எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். எல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகு தம்பியை வலுக்கட்டாயமாக மதுரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ரைஃபிள் கிளப்பில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் அந்தப் பிஸ்டலைத் தொடவில்லை. உரிமம் என் பேரில் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்லைடு பாதியில் நிற்கிறது. அடுத்த தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு குழல் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. பதினோரு வருஷமாக இடுப்பில் இதை நம்பிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறாரே!

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மேகசினை உருவினார். பிஸ்டலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். 'டக்'கென்று ஸ்லைடு முன்னால் போய் மூடிக்கொண்டது. "காலியாயிருச்சு சார்" என்று என் பக்கம் திரும்பினார். விரல் விசையின் மேலேயே இருக்கிறது.

அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரே எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கம் திருப்பினார். "விரலை வெளியே எடுங்க. இப்ப ஸ்லைடை இழுங்க." இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு தோட்டா மேசையில் விழுந்து உருண்டது.

என்ன நடந்தது என்று புரிகிறதா? மேகசின் போனதும் முட்டிக்கொண்டிருந்த தோட்டாவுக்கு இடம் கிடைத்தது. ஸ்லைடு அதைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. மேகசின் கையில் இருக்கிறது, ஆனால் துப்பாக்கி சுடத் தயாராக இருக்கிறது. மேகசினை எடுத்துவிட்டால் காலி என்று நினைத்து உயிர் போன கதைகள் உலகம் முழுக்க உண்டு. மேகசினை எடுத்த பிறகு ஸ்லைடை இழுத்து, குழலுக்குள் கண்ணால் பார்த்து, ஒரு விரலால் தடவியும் பார்த்தால்தான் காலி. இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு அப்புறம் மேகசினை எடுத்தால் மறுபடி ஒன்று உள்ளே போயிருக்கும்.

சரி, ஏன் சிக்கியது? வாத்தியார் புத்தி, விடவில்லை.

இந்த வகைப் பிஸ்டல் வேலை செய்யும் விதம் எளிது. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னால் போகிறது, ஸ்லைடு பின்னால் வருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. வரும்போது காலிக் கூட்டை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளுகிறது. போகிற போக்கில் மேகசினின் மேல்தோட்டாவை உரித்து எடுத்து, ஒரு சின்னச் சரிவில் ஏற்றிக் குழலுக்குள் வைக்கிறது. இதெல்லாம் கண் இமைப்பதற்குள் நடக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிவிட்டிருக்க வேண்டும். கைப்பிடி தளர்ந்திருந்தாலும் கெட்டது. ஸ்லைடு பின்னால் போக வேண்டிய விசையைத் தளர்ந்த மணிக்கட்டு தின்றுவிடும். சின்னப் பிஸ்டலில் எடையும் குறைவு, ஸ்லைடு ஓடும் தூரமும் குறைவு. அதனால் பெரிய பிஸ்டல் பொறுத்துக்கொள்ளும் தப்பை இது பொறுக்காது.

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதையே செய்தோம். மேகசின்களில் ஸ்கெட்ச் பேனாவால் 1, 2 என்று எழுதினோம். கிளப்பில் இருந்தவரே பிடியைத் திருத்தினார். ஒன்றாம் மேகசினில் போட்டால் மறுபடி சிக்கியது. இரண்டாம் மேகசினில் அதே தோட்டாக்கள் நன்றாக ஓடின, ஒரே ஒரு தடவை தவிர. அப்படியானால் ஒன்றாம் மேகசினில்தான் கோளாறு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மேலே தோட்டாவைப் பிடித்து நிற்கும் இரண்டு உதடுகளில் ஒன்று லேசாக விரிந்திருந்தது. அதனால் தோட்டா சீக்கிரமே விடுபட்டு மூக்கைத் தூக்குகிறது. "கீழ விழுந்துச்சா?" என்றேன். ஏலக்காய் காயப்போடும் சிமெண்ட் தரையில் ஒரு தடவை விழுந்ததாம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனா விழுந்தால்கூட எழுதிப் பார்ப்போம்!

இரண்டாம் மேகசினில் அந்த ஒரு தடவை சிக்கியது வேறு கதை. .32 பிஸ்டல் தோட்டாவின் அடியில் விளிம்பு உடம்பைவிட ஒரு மயிரிழை அகலம். 1899 வாக்கில் அமெரிக்கர் ஜான் பிரௌனிங் பெல்ஜியக் கம்பெனிக்காக வடிவமைத்த காலத்திலிருந்தே அப்படித்தான். மேகசினில் அடுக்கும்போது மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு தள்ளினாலும் மேல்தோட்டா நகராது. கையால் தட்டினாலும் சரியாகாது, மேகசினையே கழற்றிப் பிரிக்க வேண்டும். அவசரமாக அடுக்கினாலும் இது வரும், வண்டியில் குலுங்கிக் குலுங்கியும் வரலாம். அதனால் ஒவ்வொன்றையும் முன்னாலிருந்து பின்னால் முழுசாகத் தள்ளி அடுக்க வேண்டும்.

போதாக்குறைக்குத் தம்பி தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்! பாட்டி காலத்து வைத்தியம். அது நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொண்டது. தோட்டாக்களைத் தோல் உறையிலேயே வருஷக்கணக்கில் வைத்ததில் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. மலைமேல் ஈரக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும். மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. நல்ல எஃகு ஸ்பிரிங் தன் எல்லைக்குள் அமுங்கி இருப்பதால் அவ்வளவாகத் தளராது. துருவும் அழுக்கும்தான் அதைக் கொல்லும்.

தம்பியின் மச்சான் ஒரு யோசனை சொன்னார். "கம்பத்துல நம்ம லேத் பட்டறை இருக்கு சார், அந்தச் சரிவைக் கொஞ்சம் அரம் போட்டு வழுவழுன்னு ஆக்கிட்டா ஓடும்." நான் கத்தியேவிட்டேன். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே குற்றம். பட்டறைக்காரரும் சேர்ந்து உள்ளே போவார். அதோடு அந்தச் சரிவில் கொஞ்சம் கூடுதலாக அரம் விழுந்தால் தோட்டாவின் பின்பக்கத்துக்குத் தாங்கல் போய்விடும், கூடு வெடித்துக் கையைக் கிழிக்கும். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் போனோம். அவர் ஒன்றாம் மேகசினை ஒதுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் சுத்தம் செய்தார். புதுத் தோட்டா வாங்கினோம்.

அந்தக் கடையில் இன்னொன்றும் கவனித்தேன். ரிவால்வர் தோட்டாவும் .32, பிஸ்டல் தோட்டாவும் .32. பேச்சில் இரண்டுக்கும் ஒரே பேர். ஆனால் ஒன்று நீளம், விளிம்பு பெரிசு. இன்னொன்று குட்டை. ஒன்றின் இடத்தில் மற்றது போகக் கூடாது. உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். எல்லோரும் ஏன் .32-ஐயே வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். 9 மி.மீ. போலீசும் ராணுவமும் பயன்படுத்துவது, சாதாரண மக்களுக்குத் தடை.

இனி என் கட்சிக்கு வருகிறேன். தேர்தலுக்குத் தேர்தல் அரசு துப்பாக்கியை எண்ணுகிறது. புதுப்பிக்கும்போது எண்ணைச் சரி பார்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் செல்லும். அதாவது யாராவது கேள்வி கேட்கும் சந்தர்ப்பமும் குறைந்துவிட்டது. 2016 விதிகளில் புதிதாகக் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று வந்திருக்கிறது, நல்லது. ஆனால் அதற்கு முன்னால் வாங்கிய நம் தம்பி மாதிரி ஆட்களிடம், புதுப்பிக்க வரும்போது, "ஐந்து தோட்டா சுட்டுக் காட்டு, அப்புறம் காலி செய்து காட்டு" என்று கேட்டால் என்ன? வண்டி ஓட்ட எட்டுப் போட்டுக் காட்டுகிறோம் இல்லையா? ஆயுதப்படைத் திடலில் அரை நாள் போதும். தோட்டாச் செலவை உரிமக்காரரே ஏற்கட்டும். ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்கு அது ஒரு செலவா?

"துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்லுங்கள் சார்" என்று சில நண்பர்கள் பின்னூட்டம் போடுவீர்கள். அதில் பாதி எனக்கும் சம்மதம்தான். ஏலக்காய் விற்ற பணம் இப்போது வங்கிக் கணக்குக்கே வந்துவிடுகிறது. கூலியையும் பலர் போனிலேயே அனுப்புகிறார்கள். 2023 மே 27-இல் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள் வந்த அன்றைக்கு இதே தம்பி போன் செய்து "பிஸ்டலை எடுத்து வச்சிட்டேன் சார்" என்றார். யானைக்கு .32 என்பது கொசுக்கடி. கடித்த கொசுதான் கம்பி எண்ண வேண்டியிருக்கும்! ஆனால் இரவில் தனியாக மலைச்சாலையில் வருகிறவனுக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பழகாமல் வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன். மணியாச்சியில் 1911-இல் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பிரௌனிங் பிஸ்டல்தான். அவர்கூடப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் பழகிவிட்டுத்தான் போனார் என்று படித்திருக்கிறோம்.

பழக நேரமே இல்லை என்கிறவர்களுக்கு ரிவால்வர் மேல். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை சுழன்று வரும். மேகசின் உதடும் இல்லை, சரிவும் இல்லை. விசை கனமாக இருக்கும், குறி தப்பும், அதற்கும் பழக்கம் வேண்டும். ஆனால் பீரோவில் தூங்கி எழுந்தாலும் வேலை செய்யும் வாய்ப்பு அதற்கு அதிகம். இது என் கருத்து. பிஸ்டல் பிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

பழகும்போது ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். விசையை இழுத்து 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் உடனே திறக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது வரை எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. என்.சி.சி. பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொன்னது, இப்போது தாத்தாக்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பியின் மனைவி அன்று இரவு எனக்குப் போன் செய்தார். "சார், பேரன் அந்தப் பீரோகிட்டதான் விளையாடுவான். இவரு எப்பவும் காலியாத்தான் இருக்குன்னு சொல்லுவாரு." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் நானும் தம்பியும் போய் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினோம். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். சாவி அந்த அம்மாவிடம்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை மறுபடி மதுரை போகிறோம். ஜீப்பில் இரண்டு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் எனக்கு உள்பெட்டியில் சொல்லவும். உரிமப் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வரவும். துப்பாக்கியைக் காலியாக, பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.